சட்டம் நிறைவேறிய அன்றே வரி போய்விடவில்லை
அமெரிக்க - தென்கொரிய வர்த்தக ஒப்பந்தச் சட்டம் நிறைவேறியதுமே அமெரிக்காவில் கொரியப் பொருள்களுக்குச் சுங்க வரி நீங்கிவிட்டது என்று ஒரு கட்டுரை சொல்வது சரியில்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் இரு அவைகளும் 2011 அக்டோபர் 12 அன்று ஒப்புதல் தந்தன, 21ஆம் தேதி அதிபர் ஒபாமா கையெழுத்திட்டார். ஒப்பந்தம் அமலானதோ 2012 மார்ச் 15 அன்றுதான். இடையே 2011 நவம்பர் 22இல் தென்கொரிய நாடாளுமன்றம், உள்ளேயே கண்ணீர்ப்புகை வீசப்பட்ட கூட்டத்தில், ஒப்புதல் கொடுத்தது. பிறகு இரு நாடுகளும் ஒருவர் சட்டவிதிகளை மற்றவர் சரிபார்த்து, கடிதம் பரிமாறிய பின்பே தேதி குறித்தார்கள். அமலான பிறகும் சலுகை தானாக வந்துவிடாது. பொருள் கொரியாவில் உருவானது என்பதற்கான சான்றை வைத்துக்கொண்டு இறக்குமதியாளர்தான் கோர வேண்டும். அந்தச் சான்று 4 ஆண்டு செல்லும். இறக்குமதியின்போது கோராமல் முழு வரி கட்டியவர் ஓராண்டுக்குள் திரும்பக் கேட்கலாம், அதைத் தவறவிட்டால் பணம் போனதுதான். துணிமணியில் நூலே மூன்றாம் நாட்டுடையது என்றால் கொரியாவில் தைத்திருந்தாலும் பெரும்பாலும் சலுகை கிடைக்காது. கோரிக்கைகள் தள்ளுபடியாகும் இடம் இது. எல்லா வரியும் உடனே நீங்கவும் இல்லை: கார்களுக்கு 2.5% வரி 2016 வரை அப்படியே இருந்தது. ஒப்பந்தத்தைத் திருத்தினால் காங்கிரஸ் மறுபடி வாக்களிக்க வேண்டுமே என்று கேட்கலாம். எல்லாவற்றுக்கும் தேவையில்லை. 2021இல் நீங்கவேண்டிய 25% டிரக் வரியை 2041 வரை நீட்டிய 2018 திருத்தம், இதே சட்டம் தந்த அதிகாரத்தின்கீழ் அதிபரின் பிரகடனம் மூலமே அமலானது. புதிய வாக்கெடுப்பு நடக்கவில்லை.