ஆள் நிரம்பினால்தான் வண்டி
கம்பாலா டாக்ஸி நிலையத்தில் மசாக்கா நகருக்கு வண்டி ஏறுவதற்குள் போதும் போதுமென்றாகிவிடுகிறது. நீலக் கட்டம் போட்ட வெள்ளை வேன்தான் உகாண்டாவில் டாக்ஸி. 14 பேர் ஏறலாம், நிரம்பாமல் நகராது. பள்ளியில் பாடம் எடுக்க வந்த தன்னார்வலரான என் அவசரம் யாருக்கு வேண்டும்?

அதுகூடப் பரவாயில்லை. முக்கால்வாசி நிரம்பிவிட்டதே என்று நம்பி ஏறி உட்கார்ந்தால், பக்கத்து சீட்டுக்காரர் மெல்ல இறங்கிப் போய் அடுத்த வேனில் உட்காருகிறார். கூட்டம் காட்டுவதற்கென்றே உட்காரவைத்த ஆளாம்! டிரைவர் வேறு இன்ஜினை உறுமவிட்டு, இரண்டடி முன்னே, இரண்டடி பின்னே. ஜன்னல் வழியே அவித்த முட்டை, கைக்குட்டை, சார்ஜர் எல்லாம் வருகின்றன, கிளம்பும் நேரம் மட்டும் வருவதில்லை. சரி, ஒருவழியாகப் புறப்பட்டோமா? நேரே பெட்ரோல் பங்க்.