மலையைக் கடலில் நின்று பார்த்தவர்

18 வருடமாகத் திருகோணமலையில், எங்கள் பேச்சில் திருமலையில், பக்கம் அமைத்தும் அட்டை செய்தும்தான் என் பிழைப்பு ஓடுகிறது. கலியாணக் கார்ட், 31ஆம் நாள் நினைவு மலர், சங்கத் தேர்தல் பேனர் என்று எது வந்தாலும் செய்வேன். ஊர்க்காரர் ஒருவர் எழுதிய கொப்பியோடு கடைப்படி ஏறினால் மட்டும் மற்ற வேலையெல்லாம் ஓரமாகப் போய்விடும். அது எனக்கொரு வருத்தம் மாதிரி, மருந்தில்லை.

இந்த 18 வருடத்தில் ஒன்று கண்டுகொண்டேன். கவிதைத் தொகுப்பு என்றால் அட்டையில் கோணேசர் கோயில் வேண்டும். சிறுகதை என்றால் கோணேசர் கோயிலும் ஒரு தோணியும். ஆய்வு நூல் என்றால் கோணேசர் கோயிலும் பழைய வரைபடமும். முன்பு கோட்டைப் பக்கத்திலிருந்து எடுத்த படம் கொண்டு வந்தார்கள், இப்போது ட்ரோன் படம். உள்ளே இருக்கிற கதை மத்திய வீதியில் சைக்கிள் திருத்துகிறவரைப் பற்றியதாக இருக்கும், அட்டையில் சுவாமிமலை நிற்கும். கேட்டால், "மண்வாசனை வேணும்தானே தம்பி" என்பார்கள். சரி, வாடிக்கையாளர் சொன்னால் போடவேண்டியதுதான்.

இந்த மண்வாசனை விசயத்தைத்தான் இன்றைக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது. காரணம் போன மாதம் பார்த்த ஒரு விழா. எந்த அமைப்பு, எந்த மண்டபம் என்று சொல்லமாட்டேன், அவர்களுக்கு அடுத்த பேனரும் நான்தான் அடிக்கவேண்டும்.

கொட்டியாபுரப் பக்கமிருந்து ஒரு கூத்துக் குழுவை அழைத்திருந்தார்கள். கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியாருக்கு எழுபது தாண்டியிருக்கும். விடிய விடிய ஆடுகிற கூத்துக்கு நிகழ்ச்சி நிரலில் கொடுத்தது 10 நிமிடம். வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, சிறப்புரை எல்லாம் முடிய ஒன்றரை மணித்தியாலம் ஆகிவிட்டது. 10 நிமிடம் 7 ஆகச் சுருங்கியது. வட்டக்களரியில் நாலு பக்கமும் சனம் இருக்கச் சுற்றிச் சுற்றி ஆடவேண்டிய ஆட்டம். அதை மேடையில் ஒரு பக்கம் பார்த்து ஆட வைத்தார்கள். ஒரு பெடியனின் சதங்கைக் கால் மைக் வயரில் இரண்டு தரம் சிக்கியது. வரவுப் பாட்டு முடிவதற்குள் கீழேயிருந்து ஒருவர் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். பிறகு எல்லோருக்கும் பொன்னாடை.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அண்ணாவியார் தனக்குப் போர்த்திய பொன்னாடையைக் கழற்றி மத்தளத்தைச் சுற்றி மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். நான் அறியப் பொன்னாடை ஒன்று உருப்படியான வேலைக்கு உதவியது அன்றைக்குத்தான்.

அந்த மேடையில் திருமலைக் கலைஞர்களின் பெருமையை ஒருவர் அரைமணி நேரம் சொன்னார். அந்தப் பட்டியல் எனக்கு மனப்பாடம், எத்தனை நோட்டீஸில் அடித்திருக்கிறேன். பிரமிள் முதலில் வருவார். 1939இல் இங்கே பிறந்தவர், தருமு சிவராமு என்ற பேரில் இங்கிருந்துகொண்டே இருபது வயதுச் சொச்சத்தில் சென்னையின் 'எழுத்து' இதழுக்கு எழுதியவர். எழுபதுகளில் இந்தியாவுக்குப் போனவர் பிறகு அங்கேயே இருந்து 1997இல் வேலூருக்குப் பக்கத்தில் காலமானார். தமிழ்ப் புதுக்கவிதை அவரைக் கொண்டாடுகிறது, சரிதான். ஆனால் அவருடைய ஒரு கவிதையாவது மேடையில் வாசிக்கப்பட்டதா என்றால் இல்லை. அவரைப் பிறப்புச் சான்றிதழோடு நிறுத்திவிட்டோம்.

அடுத்தது தி. த. சரவணமுத்துப்பிள்ளை. 1892இல் பெண்களின் உரிமைக்காகத் 'தத்தை விடு தூது' பாடியவர், 1895இல் 'மோகனாங்கி' நாவலைச் சென்னையில் வெளியிட்டவர். தமிழில் வந்த முதல் சரித்திர நாவல் என்று அதைச் சொல்கிறவர்கள் உண்டு. அதிலே வருவது தஞ்சாவூரும் திருச்சினாப்பள்ளியும் நாயக்கர் காலமும். திருமலைக் கடலின் உப்பு அதில் இல்லை. அதற்காக அவர் எங்கள் ஆள் இல்லை என்று சொல்லமுடியுமா? தேவாரம் பாடிய சம்பந்தர் இராமேஸ்வரத்தில் நின்றுகொண்டே கோணமலையைப் பாடினார் என்பது வழிவழியாகச் சொல்லி வருவது. இங்கே வராத அவர் கோணமலையைப் பாடினார், இங்கே பிறந்தவர் தஞ்சாவூரை எழுதினார். கணக்குச் சமன் என்று விட்டுவிடலாம். பொப்பிசை கேட்டு வளர்ந்த தலைமுறைக்குப் பரமேஷ், கோணேஷ் சகோதரர்களைச் சொல்லத் தேவையில்லை. அவர்கள் காதலைத்தான் பாடினார்கள், ஆனால் கோணேஷ் என்ற பேரிலேயே ஊர் இருக்கிறது!

ஆகவே போனவர்களோடு எனக்குக் கோபம் இல்லை. போனவர்களின் பேரைச் சொல்லிச் சொல்லி, இருக்கிறவர்களுக்கு 7 நிமிடம் கொடுக்கிறோமே, அதுதான் பொறுக்கவில்லை. இருக்கிறவர்களுக்குப் 'பிரதேச எழுத்தாளர்', 'பிரதேசக் கலைஞர்' என்று ஒரு பட்டமும் உண்டு. கொழும்பில் இருந்து எழுதுகிறவரை யாரும் கொழும்புப் பிரதேச எழுத்தாளர் என்பதில்லை.

என்னைக் கேட்டால், ஊரின் வேலையும் அந்த வேலைக்குரிய சொல்லும் எவர் கையில் இருக்கிறதோ அவர்தான் ஊர்க் கலைஞர். வ. அ. இராசரத்தினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூதூர்க்காரர், பள்ளிக்கூட வாத்தியார், 2001இல் காலமானார். 'தோணி' தொகுப்புக்குச் சாகித்தியப் பரிசு கிடைத்தது. தோணிக் கதையில் மலையும் கோபுரமும் வந்து நின்று ஊர்ப் பெருமை பேசுவதில்லை. சொந்தமாக ஒரு தோணி வேண்டும் என்ற ஏக்கம்தான் கதை. தோணி யாருடையது, பிடித்த மீனில் பங்கு யாருக்கு என்பது தெரிந்தவர் எழுதினால்தான் அந்த ஏக்கம் வாசிக்கிறவனுக்குக் கையில் பிடிபடும். வேறெந்த ஊர் எழுத்தாளரும் கடலைப் பற்றி எழுதலாம், கொட்டியாரக் குடாக் கரையில் நின்று தோணி இல்லாமல் கடலைப் பார்ப்பதை எழுத அவர்தான் வேண்டும்.

கலை என்று பேர் வைக்காமலே இங்கே நடக்கிற வேலையும் உண்டு. நவராத்திரி வந்தால் திருமலை ரவுணில் கும்பம். வெளியூர் நண்பர்களுக்கு இதை விளக்கி விளக்கிக் களைத்துவிட்டேன். கொலு இல்லை, கரகாட்டமும் இல்லை, கும்பம். எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு வெல்டிங் வேலைக்காரர் இருக்கிறார். நவராத்திரிக்கு முன்பே மெல்லிய கம்பியை வளைத்துச் சட்டம் செய்யத் தொடங்கிவிடுவார். ஒவ்வொரு தட்டு ஏற்றியதும் சும்மாடு வைத்துத் தலையில் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பாரம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கழுத்துத்தான் சொல்லுமாம். இறக்கி, இடப்பக்கம் ஒரு முழம் கம்பியை வெட்டி, மறுபடி தூக்குவார். வேப்பிலை கட்டுவது கடைசியில்தான், இலையின் ஈரத்துக்கும் பாரக் கணக்கு இருக்கிறது. பிறகு ராத்திரி அதைத் தலையில் ஏந்தி, மேளத்துக்கு ஆடிக்கொண்டு ஒரு பெடியன் வீதி வீதியாகப் போகிறான். அந்த வெல்டிங்காரரிடம் "நீங்கள் சிற்பி அண்ணை" என்று ஒருமுறை சொன்னேன். "விசர்க்கதை கதையாத, அந்தக் கம்பியப் பிடி" என்றார்.

சரி, மூதூரிலிருந்து என் கடைக்கு வந்த இன்னொரு ஐயாவின் விசயத்துக்கு வருகிறேன். அவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும்.

போன வருடம் கச்சான் காலம், அதாவது மேல்காற்று வீசுகிற காலம், நல்ல வெக்கை. ஒரு பெரியவர் பிளாஸ்டிக் பையில் சுற்றிய சீ.ஆர். கொப்பி மூன்றோடு வந்தார். முப்பது வருடத்துக்கு மேல் கடலுக்குப் போனவர். காற்று, நீரோட்டம், மீன், வலை, கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பா என்று எல்லாம் எழுதி வைத்திருந்தார். கையெழுத்து ஒரே சீராக, அழித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. "இவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறீங்களே ஐயா" என்றேன். "மூன்றாம் தரம் தம்பி" என்றார். முதல் கொப்பியை 2004இல் கடல் கொண்டுபோனது. இரண்டாவதை 2006 யுத்த இடப்பெயர்வில் வீட்டோடு விட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால் வீடும் இல்லை, கொப்பியும் இல்லை. இது நினைவிலிருந்து மறுபடி எழுதியது.

தட்டச்சு செய்யச் செய்ய எனக்கு வெட்கமாக இருந்தது. நானும் இந்த ஊர்தான். வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்று காற்றின் பேர் நாலும் தெரியும். அவர் அந்த நாலுக்கும் நடுவில் காற்று மாறுகிற நாட்களைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். எந்தக் காற்றுக்குச் சூடை கரைக்கு வரும், எப்போது பாரை ஆழத்துக்குப் போகும், தண்ணீரின் நிறத்தை வைத்து மகாவலியில் வெள்ளம் இறங்கியதை எப்படி அறிவது என்று எல்லாம் அதில் இருந்தது.

படம் போடலாம் என்று டொரொண்டோவில் இருக்கிற அக்காவின் மகனிடம் கேட்டேன். நல்லாக வரைவான், தமிழும் வாசிப்பான். அத்தியாயத் தலைப்புகளை அனுப்பினேன். கிழமை முடிவதற்குள் எல்லாப் படமும் வந்துவிட்டது. 'கச்சான் பிடித்தால்' என்ற அத்தியாயத்துக்கு, பேப்பர்ச் சுருளில் வறுத்த கச்சான் கொட்டையும் (நிலக்கடலையைத்தான் இங்கே அப்படிச் சொல்வது) அதை எட்டிப் பிடிக்கிற ஒரு கையும் அழகாக வரைந்திருந்தான். பிள்ளையில் பிழையில்லை. அவனுக்குத் தெரிந்த கச்சான் அதுதான், அம்மா கடையில் வாங்கிக் கொடுக்கிற கச்சான். பக்கத்து வீட்டுப் பெடியனிடம் காட்டினேன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, இங்கேயே பிறந்து வளர்ந்தவன். அவனும் "நல்லாத்தானே இருக்கு மாமா" என்றான். அதுதான் எனக்கு நெஞ்சில் இடித்தது. அந்த நேரம் வெளியே கச்சான் காற்று மரத்தை உலுப்பிக்கொண்டிருந்தது.

ஐயாவுக்குப் படத்தைக் காட்டினேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அம்பாவில் எங்களுக்குள் ஒரு சண்டை. பாட்டுகள் இடையிடையே துண்டு துண்டாக நின்றன. கேட்டால், "அதுக்குள்ள கூடாத சொல்லு இருக்கு தம்பி, பேரப்பிள்ளைகள் வாசிக்கும்" என்றார். நான் விடவில்லை. வலை பாரமாக வரும்போது கைகள் சோராமல் இருக்கத்தானே அந்த வரிகள், அவற்றை வெட்டினால் வலை எப்படிக் கரைக்கு வரும் என்று வாதாடினேன். "வலை இழுக்கிற நேரம் பாடலாம், அச்சடிக்கேலாது" என்று முடித்துவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று பிறகு யோசித்தேன். ஆனாலும் ஆசை விடவில்லை.

கடைசியில் அட்டை. நான் வழக்கம்போல மலைப் படம் ஒன்றைப் போட்டு வைத்திருந்தேன், கேட்கப்போகிறார்தானே என்று. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இது எங்கயிருந்து எடுத்தது?" ட்ரோன் என்றேன். "நான் ஒருநாளும் மலைய இப்படிப் பார்க்கேல்ல" என்றார். பிறகு மேசையில் கிடந்த கலியாணக் கார்டைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் கோடு கீறினார். ஒரு மேடு, அதற்குப் பின்னால் இன்னொரு மேடு, கீழே நேராக ஒரு கோடு. வலை போட்ட இடத்தை மறுபடி கண்டுபிடிக்க, மலையின் எந்த முனை பின்னால் உள்ள எந்த மேட்டை மறைக்கிறது என்று பார்ப்பார்களாம். கொஞ்சம் தெற்கே போனால் மறைப்பு விலகும், வடக்கே போனால் முழுக்க மூடும். கோயில் அதில் ஒரு புள்ளி. கும்பிடுவதற்கும் அதுதான், வழி பார்ப்பதற்கும் அதுதான். "நான் வேதக்காரன் தம்பி, ஆனா கோணேசரப் பார்க்காம ஒருநாளும் வலை எடுத்ததில்ல" என்றார். வேதக்காரன் என்றால் கிறிஸ்தவர்.

அந்தக் கோட்டுப்படம்தான் அட்டை. கார்டில் இருந்த மஞ்சள் கறையைக்கூட நான் அழிக்கவில்லை.

அச்சுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் வருகிற ஊர்ப் புத்தகங்கள் பெரும்பாலும் 300 பிரதி. வெளியீட்டன்று முதல் பிரதி, சிறப்புப் பிரதி என்று என்வலப்போடு வருகிறவர்கள் ஒரு அறுபது எழுபது பேர். கொஞ்சம் நூலகங்களுக்கு, கொஞ்சம் உறவுக்கு இனாம். மிச்சம் எழுதியவரின் கட்டிலுக்குக் கீழே பெட்டியில் இருக்கும், பிறகு கறையானுக்குப் போகும். இரண்டு பேரின் வீட்டில் அப்படி மண்ணாகிப்போன பெட்டியை என் கையால் தூக்கியிருக்கிறேன். ஒரு பொன்னாடை, ஒரு மாலை, ஒரு நினைவுச் சின்னத்துக்குச் செலவழிக்கிற காசுக்கு அந்த எழுத்தாளரின் புத்தகம் எத்தனை வாங்கலாம் என்று விழாக் குழுக்காரர் ஒருதரம் கணக்குப் பாருங்கோ. விலை போட்டு வாங்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கொடுங்கோ. ஈழத்துப் புத்தகங்களைச் சேர்த்து வைக்கிற 'நூலகம்' இணையத்தளத்தில் ஒரு பிரதியை ஏற்ற இடம் கொடுங்கோ. கூத்துக்காரரை அழைத்தால் ஒரு ராத்திரியைக் கொடுங்கோ, இல்லாவிட்டால் அழைக்கவேண்டாம்.

ஐயாவின் புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. கச்சான் சுருள் படத்தையும் கடைசிப் பக்கத்தில் போடச் சொல்லிவிட்டார், அந்தப் பெடியன் வாசித்துச் சிரிக்கட்டுமாம். போன புதன்கிழமை கோல் எடுத்தார். சுகம் விசாரித்துவிட்டுக் கொஞ்சம் இழுத்தார்.

"தம்பி, அந்த விட்ட வரியள் இருக்கெல்லே. நான் சொல்லமாட்டன். என்ர தம்பி சொல்லுவான், அவனுக்கு வெக்கமில்ல. ஞாயிறு பூசை முடிய வாங்கோ. ஃபோனில சார்ச் போட்டுக்கொண்டு வாங்கோ, கொஞ்சம் நீளம்."

2009இல் கிண்ணியாப் பாலம் திறந்ததற்குப் பிறகு மூதூர் பெரிய தூரமில்லை. முதல் பஸ்ஸில் போகிறேன்.