திசைதிருப்பிய ‘பிளீட்’: பரிசு யாருக்கு? ஓர் உண்மை விளக்கம்

‘வேம்பயர்: தி இட்டர்னல் ஸ்ட்ரகல்’ அட்டை விளையாட்டைப் பற்றி, சுங்கை சிப்புட்டில் ஆடும் நம் தோட்டத்து இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுவில் பரவிவரும் ஒரு தகவல் பிழையானது. ‘டிஃப்லெக்‌ஷன்’ அட்டையால் வேறொருவர்மீது திருப்பிவிடப்பட்ட பிளீட் (எதிராளியின் ‘பூல்’ எனும் உயிர்ப் புள்ளிகளைக் குறைக்கும் தாக்குதல்; அவை தீர்ந்தவர் வெளியேறுவார்) ஒருவரை ஆட்டத்திலிருந்து வெளியேற்றினால், பிளீட் செய்தவருக்கே வெற்றிப் புள்ளியும் 6 பூலும் சேரும் என்றும், புதிதாகக் குறிவைக்கப்பட்டவர் தடுக்க முடியாது என்றும் அது கூறுகிறது.

விதி வேறு. வெளியேறியவரின் வலப்பக்கம் அமர்ந்திருக்கும் வேட்டையாளருக்கே (ஒவ்வொருவருக்கும் வலப்பக்கத்தவர் ‘வேட்டையாளர்’, இடப்பக்கத்தவர் ‘இரை’), அடித்தது யாராக இருந்தாலும், 1 வெற்றிப் புள்ளியும் 6 பூலும் கிடைக்கும். ஆகவே, உங்கள் வேட்டையாளர் செய்த பிளீட்டை உங்கள் இடப்பக்கத்து இரையின்மீது திருப்பி, அவர் அதனால் வெளியேறினால், பரிசு உங்களுடையது. ஒரு இருக்கை தாண்டி, உங்கள் இரைக்கும் இடப்பக்கத்தவர்மீது திருப்பி அவர் வெளியேறினாலோ, பரிசு உங்கள் இரைக்குப் போய்ச் சேரும். குழப்பத்தின் வேர் ‘எட்ஜ்’ (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே வைத்திருக்கும் அனுகூல அடையாளம்) ஆக இருக்கலாம்: பிளீட்டால் குறைந்தது ஒரு பூலாவது குறைந்தால், எட்ஜ் மட்டும் பிளீட் செய்த வேம்பயரின் ஆட்டக்காரருக்கே செல்லும்.

புதிய இலக்கானவரும் தம் வேம்பயர்களைக் கொண்டு தடுக்க முயலலாம். திருப்பியதால் புதிய செயல் தொடங்குவதில்லை. எனவே, ஏற்கெனவே போட்ட அதே செயல் மாற்றி அட்டையின் (தன் செயலை மாற்றவோ வலுப்படுத்தவோ போடும் அட்டை) இன்னொரு பிரதியை, பிளீட் செய்யும் வேம்பயர் மீண்டும் போட இயலாது.