உறவுக்காரர்களே, தவிட்டுக் கதையை நிறுத்துங்கள்

வீட்டுக்கு வரும் மாமா, சித்தப்பா, பெரியம்மா எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை "நான் எங்கேயிருந்து வந்தேன்?" என்று கேட்டால், "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று சொல்லிச் சிரிக்காதீர்கள். பினாங்கில் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையை வைத்து இதற்குப் புதுப் பதிப்பும் வந்துவிட்டது. "பாசார் மாலாம்ல வாங்கினோம், ரெண்டு வாங்கினா ஒண்ணு இலவசம்." ஐந்து வயதுப் பிள்ளை முகம் வாடி அம்மாவைத் திரும்பிப் பார்க்கும். அதைப் பார்த்து இன்னொரு சிரிப்பு.

தவிட்டுக் கதை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் சிரிப்பு வராது. பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துச் செத்துப்போன வீடுகளில், அடுத்த பிள்ளையாவது தங்கட்டும் என்று அதைக் குப்பையில் கிடத்தி எடுப்பார்கள். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். குப்புசாமி, பிச்சை என்றெல்லாம் பெயர் வைத்தது அதற்காகத்தான். அந்தப் பயம் போய்விட்டது, கேலி மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

நம் நாட்டில் இந்தக் கேலிக்கு இன்னொரு முகமும் உண்டு. கொஞ்சம் வெளுப்பாகப் பிறந்த பிள்ளையிடம் "உன்னைச் சீனன்கிட்டேயிருந்து வாங்கினோம்" என்பார்கள். உண்மையிலேயே அப்படி வந்தவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். வறுமையாலோ, பெண்பிள்ளை என்பதாலோ, பிறந்த நேரம் ஆகாது என்ற நம்பிக்கையாலோ சில சீனக் குடும்பங்கள் கொடுத்துவிட்ட குழந்தைகளை அந்தக் காலத்தில் நம்மவர்கள் எடுத்து வளர்த்தார்கள். பட்டர்வொர்த் பக்கம் சேலை கட்டி, பூ வைத்து, நம்மைவிட அழகாகத் தமிழ் பேசும் சீன முகம் கொண்ட பாட்டிமார்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கும் கூடத்தில் இந்த நகைச்சுவையைச் சொல்லிப் பாருங்கள். இன்று தத்தெடுத்த பிள்ளை ஒன்று அதே கூடத்தில் விளையாடிக்கொண்டிருக்கலாம். அதற்கு மட்டும் இது வேடிக்கைக் கதை ஆகாது.

சரி, வேறென்ன சொல்வது என்கிறீர்களா? உண்மையைத்தான். கேட்ட அளவுக்கு, சின்னதாக.

என் மனைவிக்கு இப்போது ஏழாம் மாதம். மகனுக்கு ஆறு வயது. கேள்வி வராமல் இருக்குமா? "அம்மாகிட்ட கேளு" என்று தள்ளிவிடுவது அப்பாக்களின் பரம்பரைச் சொத்து. எனக்கு அதில் பங்கு வேண்டாம் என்று பதில் சொல்லும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

முதல் சிக்கல் வயிறு. "அம்மா வயித்துக்குள்ள பாப்பா" என்றால் பிள்ளை என்ன நினைக்கும்? சோறு போகும் இடமும் அதுதானே. அம்மா பாப்பாவைச் சாப்பிட்டுவிட்டாள் என்று நினைக்கும் பிள்ளைகள் உண்டு. அதனால் கருப்பை என்று ஒரு தனி இடம் இருக்கிறது, சோறு அங்கே போகாது என்று ஆரம்பித்தேன். அப்பாவிடமிருந்து ஒரு விந்தணு, அம்மாவிடமிருந்து ஒரு கருமுட்டை, இரண்டும் சேர்ந்தால் பாப்பா வளர ஆரம்பிக்கும் என்றேன். முட்டை என்றதும் கோழி முட்டை அளவுக்குக் கை காட்டினான். இல்லையப்பா, 1 மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான், நீ எழுதும் முற்றுப்புள்ளியைவிடச் சின்னது. விந்தணு அதைவிடவும் சின்னது, கண்ணுக்கே தெரியாது.

அவனுக்கு அதற்கு மேல் அந்தப் பேச்சில் ருசியில்லை. அவன் கவலை வேறு. உள்ளே பாப்பாவுக்கு மூச்சு முட்டாதா? தொப்புளைக் காட்டினேன். அம்மாவின் கருப்பையில் ஒட்டியிருக்கும் நஞ்சுப்பையிலிருந்து ஒரு கொடி இங்கே வந்து சேர்ந்திருந்தது, மூச்சுக்கும் சாப்பாட்டுக்கும் அதுதான் வழி, பிறந்ததும் வெட்டிவிட்டார்கள், அந்தத் தழும்புதான் இது. அன்று முழுக்க வீட்டில் எல்லாருடைய தொப்புளையும் பரிசோதித்தான். அப்புறம், உள்ளே உச்சா போகுமா? போகும். பாப்பாவைச் சுற்றியுள்ள தண்ணீரில், பிந்திய மாதங்களில், பெரும்பகுதி அதுதான். அதையே குடிக்கவும் செய்யும் என்றதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டியிடம் ஓடிப்போய்ச் சொன்னான். பாட்டிக்கே அது புதுச் செய்தி.

பாட்டி என்றதும் நினைவு வருகிறது. ஒரு பெண் பிறக்கும்போதே அவளுடைய கருமுட்டைகள் எல்லாம் முதிராத நிலையில் அவளுக்குள் இருக்கும். அப்படியென்றால் என் மகனில் பாதி, அவன் அம்மா பிறக்கும் முன்பே அம்மாச்சியின் வயிற்றில் இருந்திருக்கிறது. இதைவிட நல்ல கதையை எந்தப் பாசார் மாலாமிலும் வாங்க முடியாது.

என் அம்மாவுக்கு ஒரு வருத்தம். "சாமி கொடுத்ததுன்னு சொன்னா போதாதா?" தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போனால் கரும்புத் தொட்டிலில் குழந்தையைச் சுமந்து வரும் தம்பதிகளைப் பார்க்கலாம். வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளைக்கு நேர்த்திக்கடன். என் மகனும் பார்த்திருக்கிறான். முருகன் கொடுத்தார் என்பது அவர்களுடைய நன்றி, அதை நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் பிள்ளை கேட்பது எப்படி வந்தது என்று. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அதற்குக் குழப்பமே இல்லை. குழப்பம் நமக்குத்தான்.

இனி எல்லாரும் பயப்படும் கேள்வி: அப்பாவிடம் இருந்தது அம்மாவிடம் எப்படிப் போனது? இன்னும் வரவில்லை. வந்தால் சொல்ல வேண்டியதை யோசித்து வைத்திருக்கிறேன். பெரியவர்கள் இரண்டு பேர் விரும்பி உடம்போடு உடம்பு சேரும்போது ஆண்குறியிலிருந்து விந்தணு அம்மாவின் யோனி வழியாக உள்ளே போகும். இது பெரியவர்களுக்கு மட்டும். பிள்ளைகளிடம் இப்படி நடந்துகொள்ள யாருக்கும் உரிமை இல்லை. யாராவது அப்படி நடக்கப் பார்த்தால் அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லணும். அவ்வளவுதான். படிக்கும்போது உங்களுக்கே கூச்சமாக இருக்கிறதா? எனக்கும் எழுதும்போது இருந்தது. பிள்ளைக்கு அந்தக் கூச்சம் இன்னும் வரவில்லை, அதனால்தான் சின்ன வயதில் சொல்வது சுலபம்.

யாராவது அப்படி நடக்கப் பார்த்தால் வந்து சொல்லணும் என்ற வாக்கியத்துக்காகவே இந்தப் பேச்சை நான் வீட்டில் வைத்திருக்கிறேன். கோலாலம்பூரில் ஏழைக் குடும்பங்களோடு பழகி, படம் எடுத்து, உதவி செய்பவராக வலம் வந்த ஓர் ஆங்கிலேயருக்கு பிள்ளைகளிடம் செய்த பாலியல் குற்றங்களுக்காக 2016ல் லண்டன் நீதிமன்றம் 22 ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களில் பலர் நம் பிள்ளைகள். அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017ல் வந்தது. அதன்படி, இப்படி ஒரு குற்றம் நடப்பது தெரிந்தும் புகார் செய்யாதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. "குடும்ப மானம் போகும்" என்று மூடி மறைக்கும் பெரியவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசியின் எண் 15999, நாள் முழுக்க எடுப்பார்கள்.

சட்டம் வேலை செய்ய முதலில் பிள்ளை வாய் திறக்க வேண்டுமே. உடம்பில் ஓர் உறுப்புக்குப் பெயர் சொன்னாலே "ச்சீ" என்று அடக்கப்பட்ட பிள்ளை, அங்கே ஒருவர் கை வைத்ததை எந்த வாயால் சொல்லும்? தொப்புளைப் பற்றியும் உச்சாவைப் பற்றியும் கேட்டுப் பதில் வாங்கிய பிள்ளைக்கு நம்மிடம் வந்து சொல்லும் பழக்கம் ஏற்கெனவே இருக்கும். தமிழ்ப்பள்ளி நலக்கல்விப் பாடத்திலும் பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல் வருகிறது. ஆசிரியர் பாடம் நடத்தலாம். ராத்திரி படுக்கையில் மெல்ல வரும் கேள்விக்கு ஆசிரியர் அங்கே இருக்க மாட்டார்.

"இந்த வயசிலேயேவா?" என்று அண்ணன் ஒருவர் என்னிடம் கேட்டார். யுனெஸ்கோ 2018ல் திருத்தி வெளியிட்ட பாலியல் கல்வி வழிகாட்டி, கருமுட்டையும் விந்தணுவும் சேர்ந்து கருப்பையில் பதிவதை 5 முதல் 8 வயதுக்கான பாடத்தில்தான் வைத்திருக்கிறது. அண்ணனின் மகனுக்கு வயது பன்னிரண்டு, கையில் சொந்தக் கைத்தொலைபேசி. அவனுக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். பேச்சு மலேசியக் கால்பந்துக்குத் தாவிவிட்டது.

பள்ளியில் போய் மற்ற பிள்ளைகளிடம் சொல்லிவிட மாட்டானா என்பது மனைவியின் கேள்வி. சொல்லலாம். அவரவர் அப்பா அம்மா அவரவர் பிள்ளைக்குச் சொல்வார்கள், நீ சொல்லத் தேவையில்லை என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். அவன் அதை எவ்வளவு காப்பாற்றுவான் என்று உத்தரவாதம் தர முடியாது. அதனால் அவன் வகுப்புப் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், இந்த வார இறுதிக்குள் நீங்களே முந்திக்கொள்வது நல்லது.