பாமினி குப்பையாத் தெரிஞ்சா உபுண்டுவில பிழையில்லை

அண்ணை, விண்டோஸுக்குப் பதிலாப் போடுற உபுண்டு இயங்குதளத்தைப் பற்றி, "உபுண்டுவுக்குத் தமிழ் சரிவராது, பழைய ஃபைல் எல்லாம் குப்பையாத் தெரியுது, திருப்பி விண்டோஸைப் போடுங்கோ" எண்டு எழுதியிருக்கிறியள், அது பிழை. உங்கட ஃபைல் பாமினி எண்ட பழைய தமிழ்ப் பொன்டில அடிச்சது, அது எல்லாக் கொம்பியூட்டருக்கும் பொதுவான யூனிகோட் எழுத்துமுறை இல்லை, உள்ளுக்க கிடக்கிறது வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான், பொன்ட்தான் அதுக்குத் தமிழ் வேசம் போடுது. பாமினி இல்லாத விண்டோஸில திறந்து பாருங்கோ, அங்கயும் இதே கூத்துத்தான். எங்கட ஊரில கலியாணக் காட்டில இருந்து அந்தியேட்டிக் கல்வெட்டுப் புத்தகம் வரைக்கும் அதிலதானே அடிச்சு வைச்சிருக்கிறம், என்ன செய்யிறது! பாமினி பொன்ட் ஃபைலை ரெண்டு தரம் கிளிக் பண்ணி இன்ஸ்டோல் குடுத்திட்டு லிப்ரே ஒஃபிஸை மூடித் திறவுங்கோ, தெரியும். ஆனா ஃபேஸ்புக்கில ஒட்டுறதெண்டா யூனிகோடுக்கு மாத்தத்தான் வேணும்.

எழுத்துக்குப் பதிலா சதுரப் பெட்டி வந்தா அது வேற கதை, தமிழ் யூனிகோட் பொன்ட் இல்லை எண்டு அர்த்தம், நோட்டோ தமிழ் எண்ட பொன்டைப் போட்டாச் சரி.

மற்றது, உபுண்டுவில தமிழ் ரைப் பண்ணவும் ஏலாது எண்டு நீங்கள் சொல்லுறதும் பிழை. தமிழ் ரைப் பண்ண உதவுற ஐபஸ் எம்17என் (ibus-m17n) பக்கேஜைப் போட்டு, ஒருக்கா லொக் அவுட் பண்ணி வந்து, கீபோர்ட் செட்டிங்கில தமிழைத் தேடுங்கோ. தமிழ்99 கீபோர்ட் மட்டுமில்லை, இலங்கையில பாவிக்கிற ரெங்கநாதன் கீபோர்டும் கிடக்கு, பாமினி பழகின கைக்கு அது பெரிசாக் கஷ்டம் தராது.