தடித்த தூண்டில் நரம்பு போட்டால்தான் பெரிய மீன் கிடைக்குமா?

கரையில் நின்று தூண்டில் வீசுகிறவர்களிடையே ஒரு பேச்சு சுற்றுகிறது: “பெரிய மீன் வேண்டுமா, ரீல் முழுக்கத் தடித்த நரம்பைச் சுற்று. மெல்லியது அறுந்துவிடும்.” மணல் கடற்கரைக்கு இது தவறு.

மீனின் இழுவையை நரம்பு மட்டும் தாங்குவதில்லை. நரம்பு அறுபடும் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் டிராக்கை, அதாவது ரீலின் இழுவைத் தடையை, வைத்தால், அறுவதற்கு முன்பே ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும். 15 பவுண்டு இழுவையில் அறுபடும் நரம்பில் அதைவிடக் கனமான மீனையும் கரைசேர்ப்பது இப்படித்தான். தடித்த நரம்பில் வீச்சு குறையும், நீரோட்டம் அதை இழுக்கும், நுனியில் கட்டிய ஈய எடை ஓரிடத்தில் நிற்காது.

அறுந்த அனுபவம் பொய்யில்லை. ஆனால் பலருக்கு அது வீசும்போது அறுந்திருக்கும். 12 அடி ராடில் 4 அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம் ஈயத்தை முழு வேகத்தில் வீசினால் 15 பவுண்டு நரம்பு பட்டென்று போய்விடும். ஈயம் குண்டுபோலப் பறக்கும். ஆள் நடமாடும் கடற்கரையில் இது விளையாட்டல்ல! அதற்குத்தான் ஷாக் லீடர்: முனையில் மட்டும் தடித்த நரம்பு. ஈயத்தின் ஒரு அவுன்ஸுக்கு 10 பவுண்டு பலம் என்பது வழக்கமான கணக்கு. 4 அவுன்ஸுக்கு 40. நீளம் ராடைப்போல் இருமடங்கு, அப்புறம் ரீலில் நாலைந்து சுற்று.

பாறையும் சிப்பியும் உள்ள இடம் வேறு. அங்கே உரசலைத் தாங்கத் தடித்த நரம்பு வேண்டும்தான்.