உரிமையாளர் தெரியவில்லை

(மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம், செம்பனை என்கிற எண்ணெய்ப் பனைக்கு நடுவே ஓடைக்கரை. கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பையன் நிற்கிறான். பாட்டி கோணிச் சாக்கோடு வருகிறார்.)

பாட்டி: வாப்பா. எத்தனை தடவை போன் போட்டோம்! லோரி எங்கே?

பையன்: லோரியா? நான் கண்காட்சிக்குக் காவல், பாட்டி. எதையும் தொடாதீர்கள்.

பாட்டி: தொடாமல் குப்பையை எப்படி அள்ளுவது?

பையன்: குப்பை இல்லை. இயற்கையின் மடியில் மனிதன் வீசியெறிந்தவை. கலைப்படைப்பு.

பாட்டி: சரி. செம்பனையில் ஏன் ரப்பர்ப் பால் பிடிக்கிற மங்கு தொங்குகிறது? இதில் பால் வடியுமா?

பையன்: அது குறியீடு. மழை பெய்தால் அதில் சொட்டுகிற ஒலியே ஓர் இசை...

பாட்டி: இசை சாயங்காலம் காதுக்குள்ளேயே பாடும். எட்டிப் பார், கொசுப்புழு நெளிகிறது. சுகாதார ஆள் பார்த்தால் 500 வெள்ளி சம்மன்.

பையன்: (எட்டிப் பார்த்து, ஓரடி பின்னால் நகர்ந்து) சண்டிகரில் நேக் சந்த் என்று ஒரு சாலை ஆய்வாளர் இருந்தார். 1957-இல் தொடங்கி, உடைந்த வளையல், ஓட்டுச் சில்லு எல்லாம் பொறுக்கிக் காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் சிலை செய்தார். 1976-இல் அதை மக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

பாட்டி: கெட்டிக்காரர். அவர் யாருக்கும் தெரியாமல் சேர்த்தார். இங்கே எல்லோருக்கும் தெரிந்தே சேர்கிறது.

பையன்: 2015-இல் இத்தாலியில், பொல்சானோ நகரத்துக் கலைக்கூடத்தில், துப்புரவு ஆட்கள் காலி ஷாம்பெய்ன் பாட்டில்களைக் குப்பை என்று அள்ளிவிட்டார்கள். அதுவும் கலைப்படைப்பு!

பாட்டி: ஐயோ. அப்புறம்?

பையன்: மறுபடி அடுக்கி வைத்தார்கள்.

பாட்டி: அவ்வளவுதானே? நானும் அள்ளுகிறேன், நீ அடுக்கிக்கொள். அது என்ன அட்டை?

பையன்: 'ஐஸ்பெட்டி. உரிமையாளர் தெரியவில்லை.'

பாட்டி: ஏன் தெரியாது? சாப்பாட்டுக் கடைக்காரருடையது. ராத்திரியில் மூன்று பேர் சுமந்து வந்து உருட்டினார்கள். கேட்டால் வெள்ளம் கொண்டுபோனது என்றார். வெள்ளம் வந்தது அடுத்த மாதம்.

பையன்: 'பிளாஸ்டிக் நாற்காலி. உரிமையாளர் தெரியவில்லை.'

பாட்டி: முதுகைத் திருப்பிப் பார். சிவப்புப் பெயிண்டில் கோயில் பேர் இருக்கும். கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்தவன் ஒன்றைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, எண்ணத் தெரியவில்லை என்று தலைவரிடமே சண்டைக்குப் போனான்.

(பையன் திருப்பிப் பார்க்கிறான். இருக்கிறது.)

பையன்: 'டயர். உரிமையாளர்...'

பாட்டி: பால் லோரி டயர். ஓட்டுநர் பேரும் வேண்டுமா?

பையன்: 'தையல் மெஷின். அலட்சியத்தின் சின்னம். உரிமையாளர்...' பாட்டி, இதுவும் தெரியுமா?

பாட்டி: என்னுடையது.

பையன்: நீங்களா வீசினீர்கள்?

பாட்டி: வீசுவேனா? தோட்டம் கைமாறியது. பால்மரத்தைச் சாய்த்தார்கள், லயத்தை இடிக்க நாள் குறித்தார்கள். வீட்டுக்கு ஒரு நடைதான் லோரி. கட்டிலா, தண்ணீர்த் தொட்டியா, மெஷினா என்று வாசலில் நின்று அவரும் நானும் சண்டை. கட்டில் ஏறியது. மெஷின் திண்ணையிலேயே நின்றது. மற்றதை எல்லாம் மண்வாரி தள்ளியது, தம்பி.

பையன்: அட்டையை மாற்றி எழுதட்டுமா?

பாட்டி: எழுது. மண்வாரியை அனுப்பியவர்கள் பேரையும் சேர்த்து எழுது.

பையன்: அது... அவர்கள்தான் இந்தக் கண்காட்சிக்குப் பணம் கொடுக்கிறார்கள், பாட்டி.

பாட்டி: அப்படியா? பரவாயில்லையே! அப்போது நீயே அவர்களிடம் சொல்லிவிடு. எங்களுக்கு இன்னும் ஒரு நடை லோரி பாக்கி.

பையன்: நான் எப்படிக் கேட்பது? எனக்கே இன்னும் சம்பளம் வரவில்லை.

பாட்டி: வராது. நீயும் ஓர் அட்டை எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொள். இப்போது மெஷினை அந்தப் பக்கம் பிடி, தூக்கலாம்.